கூட்டுப் பாவமும் கூட்டுத் தீர்ப்பும்: ‘சைக்கோ-பாஸ்’ இரண்டாம் தொடர் பற்றிய ஒரு நோக்கு

குற்றம் புரிவதற்கு முன்னரே ஒருவனைக் குற்றவாளி எனத் தீர்க்கலாமா என்னும் வினா நீதி நூலார்க்கும் இறையியலார்க்கும் பொதுவானது. ‘சைக்கோ-பாஸ்’ என்னும் ஜப்பானிய அனிமே தொடர் இவ்வினாவை 2012 அக்டோபர் முதல் 2013 மார்ச் வரை 22 பகுதிகளில் எழுப்பியது. அதன் இரண்டாம் தொடர் 2014 அக்டோபர் முதல் டிசம்பர் வரை 11 பகுதிகளாக வெளிவந்தது. இத்தகைய படைப்புகள் நம் சபைகளுக்குத் தொலைவானவை என்று எண்ணுதல் பொருந்தாது. கணபதியின் லேத் பட்டறைகளிலும் பவுண்டரிகளிலும் உழைப்போரின் பிள்ளைகள் இவற்றைக் கைப்பேசியிலேயே கண்டு, தம்முள் விவாதிக்கின்றனர். இரண்டாம் தொடர் பெரியதொரு வினாவைத் தொட்டு, பாதி விடையோடு நின்றுவிடுகிறது என்பதும், மறுபாதியைச் சொல்லும் கடமை திருச்சபைக்கு உண்டு என்பதும் நம் கருத்து. கதையின் முடிவையும் ஆராயாமல் இதை விளக்க இயலாது.

கதை நிகழ்வது 22ஆம் நூற்றாண்டின் ஜப்பானில். ‘சிபில்’ என்னும் அமைப்பு ஒவ்வொரு குடிமகனின் உள்ளத்தையும் இடையறாது அளந்து, அதன் நிறத்தையும் குற்றக் குறியீட்டெண்ணையும் அறிவிக்கிறது. காவலர் ஏந்தும் ‘டாமினேட்டர்’ என்னும் ஆயுதம் எதிரில் நிற்பவனின் எண்ணைக் கணித்த பின்னரே இயங்கும். எண் 100ஐக் கடந்தால் அவன் செயலிழக்கச் செய்யப்படுவான். 300ஐக் கடந்தால் கொல்லப்படுவான். விசாரணை இல்லை, வழக்குரைஞர் இல்லை, நீதிமன்றமும் இல்லை. சிபில் என்பது வெறும் கணிப்பொறி அன்று என்பதை முதல் தொடரின் பிற்பகுதி வெளிப்படுத்துகிறது. குற்றம் புரிந்தும் எவ்வளவுகோலாலும் கறை காட்டாத மனிதர்களின் மூளைகள் ஒன்றிணைக்கப்பட்டு, அவையே நீதியாசனத்தில் அமர்ந்துள்ளன. இவ்வுண்மையை அறிந்த பின்னும் பணியில் நீடிக்கும் இளம் ஆய்வாளர் அகானே சுனெமோரியே இரு தொடர்களின் தலைமை மாந்தர்.

முதல் தொடரை எழுதியவர் கென் உரோபுச்சி. இரண்டாம் தொடரின் கதையமைப்பைத் தோ உபுகதாவும், இயக்கத்தை கியோதகா சுசுகியும் ஏற்றனர். தயாரிப்பும் புரொடக்‌ஷன் ஐ.ஜி. நிறுவனத்திலிருந்து தட்சுநோகோ நிறுவனத்திற்கு மாறிற்று. இம்மாற்றங்கள் படைப்பில் தெரிகின்றன. முதல் தொடர் தன் மாந்தரை நின்று பேசவிட்டது. இரண்டாவது 11 பகுதிகளுக்குள் விரைந்தோடுகிறது. குருதி சிந்தும் காட்சிகள் கதையின் தேவைக்கு மிஞ்சியே அடுக்கப்பட்டுள்ளன. சில துணை மாந்தர் கொல்லப்படுவதற்கென்றே படைக்கப்பட்டவராகத் தோன்றுகின்றனர். இக்குறைகளை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் நடையில் தாழ்ந்த இப்படைப்பு வினாவில் உயர்ந்து நிற்கிறது. முதல் தொடர் தனிமனிதனை அளக்க முடியுமா என்று கேட்டது. இரண்டாவது, ஒரு கூட்டத்தை அளக்க முடியுமா, அளப்பவனை அளப்பவன் யார் என்று கேட்கிறது.

கிரிதோ கமுயி என்பவனே இவ்வினாவின் உருவம். சிறுவனாக இருந்தபோது நேர்ந்த விமான விபத்தில் அவனுடன் பயணம் செய்த 184 மாணவர்கள் இறந்தனர். இறந்தவர்களின் உறுப்புகளால் மருத்துவம் அவனைப் பிழைக்கவைத்தது. சிபில் தனிமனிதரை மட்டுமே அளக்கும்; பலர் சேர்ந்து ஒருவனானவனை அதனால் காண இயலாது. காண இயலாதவனை இல்லாதவன் என்றே அது கணிக்கிறது. கண்காணிப்புக் கருவிகளின் முன் நடமாடியும் அவன் இல்லாதவனே. அவன் சிபிலை நோக்கி எழுப்பும் கேள்வி ஒன்றே: உன் நிறம் என்ன? எல்லாரையும் அளக்கும் நீ, உன்னையே அளந்து பார்த்ததுண்டா?

இவ்வினாவுக்கு இணையாக மற்றொரு மாந்தரையும் நம் மாணாக்கர் கருத்தில் கொள்ளவேண்டும். மிகா ஷிமோட்சுகி என்னும் இளைய ஆய்வாளர், தம் மூத்தவரான அகானேயின்மீது ஐயமும் வெறுப்பும் கொண்டவர். அகானேயின் பாட்டியைப் பற்றிய செய்தியை அவர் சகுயா தோகானே என்னும் கொடியவனுக்குத் தருகிறார், மூதாட்டி கொலையுண்கிறார். ஆயினும் மிகாவின் நிறம் தெளிவாகவே இருக்கிறது. தம் மனச்சான்றை அமைப்பின் கையில் ஒப்படைத்துவிட்டபடியால் அவருள் கலங்குவதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. கலக்கமின்மை வேறு, தூய்மை வேறு என்பதை இத்தொடர் இவ்விடத்தில் காட்டுவதைப்போல் வேறெங்கும் காட்டவில்லை. மனச்சான்றின் அமைதியையே மன்னிப்பின் சான்றாகக் கொள்ளும் பக்தி நம்மிடையேயும் உண்டு. அதற்கு இக்காட்சி தக்க மறுப்பு.

இறுதியில் கமுயியின் வினாவுக்குச் சிபில் விடையளிக்கிறது. கூட்டத்தையும் அளக்கலாம் என்னும் புதிய விதியை ஏற்று, தன்னையே அளந்து, தன்னுள் கறைபட்ட மூளைகளை நீக்கிவிடுகிறது. அதே அளவுகோலால் கமுயியும் தீர்க்கப்பட்டு மடிகிறான். நீதிபதியும் தீர்ப்புக்கு உட்பட்டான் என்று காண்போர் மகிழக்கூடும். ஆனால் நிகழ்ந்தது என்ன? கறைபட்ட உறுப்புகளை வெட்டியெறிந்து, எஞ்சியவை முன்னிலும் உறுதியான அரியணையில் அமர்ந்தன. இனி, தனித்தனியே தெளிவான மக்களும் ஒரு குழுவாகச் சேர்ந்தால் கறைபட்டோர் எனத் தீர்க்கப்படக்கூடும். விடுதலைக்காக எழுந்த கேள்வி புதியதொரு நுகத்தைத் தந்துவிட்டது. இவ்வாபத்தைத் தொடர் உணர்ந்தே சொல்கிறது. அதற்கு மாற்று யாதென்று சொல்லவில்லை.

இங்கே திருமறையின் சாட்சியை நோக்குதல் தகும். கூட்டுப் பாவம் என்னும் கருத்தைத் திருமறை மறுக்கவில்லை. யோசுவா 7ஆம் அதிகாரத்தில் ஆகான் ஒருவனின் களவு இஸ்ரவேல் அனைத்தையும் பற்றுகிறது. எசேக்கியேல் 18ஆம் அதிகாரமோ, தந்தையின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று தெளிவுபடுத்துகிறது. இவ்விரண்டையும் இசைக்கும் வழியைத் தானியேல் 9ஆம் அதிகாரத்திலும் நெகேமியா முதல் அதிகாரத்திலும் காண்கிறோம். தானியேல் அக்கிரமம் செய்தவரல்லர். எனினும் தம் மக்களின் பாவத்தைத் தன்மைப் பன்மையிலேயே அறிக்கையிடுகிறார். நெகேமியா தம்மையும் தம் தகப்பன் வீட்டாரையும் சேர்த்தே சொல்கிறார். பிறருடைய நகரைப் பற்றிப் பேச நேர்ந்த ஆபிரகாமோ, ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தில், ஐம்பதிலிருந்து பத்துவரை இறங்கி வந்து, நீதிமான்கள் சிலர்பொருட்டு அனைவருக்காகவும் மன்றாடுகிறார். ஆகவே கூட்டுப் பாவம் என்பது ‘நாங்கள்’ என்று சொல்பவன் வாயில் அறிக்கையாகிறது. ‘அவர்கள்’ என்று சொல்பவன் வாயில் கொடுமையாகிறது. சிபிலுக்கு இவ்வேறுபாடு தெரியாது. கமுயிக்கும் தெரியாது, இறந்தோர் பலரைத் தன்னுடலில் சுமந்தவன், பிறரைக் கொன்றே தன் நீதியைத் தேடினான்.

இது கற்பனையுலகின் செய்தி மட்டுமன்று. நம் மண்ணில் குழுவை அளக்கும் அளவுகோல் சட்டமாகவே இருந்தது. 1871இல் ஆங்கிலேயர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. பிறப்பே குற்றக் குறியீடாயிற்று. ரேகை பதித்தலும் இரவில் காவல் நிலையத்தில் வருகை தருதலும் கட்டாயமாயின. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவலரின் துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் மாண்டனர். அந்நாளில் இச்சட்டத்தின்கீழ் அமைந்த குடியிருப்புகள் சிலவற்றை நடத்தும் பொறுப்பைக் கிறிஸ்தவ அமைப்புகளும் ஏற்றன. இன்றைய ஆந்திரத்திலுள்ள ஸ்டூவர்ட்புரத்தை இரட்சணிய சேனை நடத்தியதை வரலாறு அறியும். கல்வியும் தொழிலும் அன்பும் அங்கே வழங்கப்பட்டன என்பது மெய்யே. ஆயினும், பிறப்பைக் கொண்டு தீர்ப்பளித்த அமைப்பினுள் அன்பு பணியாற்றியது என்பதும் மெய்யே. மிகாவின் தெளிந்த நிறத்தை இகழுமுன் நாம் இதை நினைத்தல் நன்று.

சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் நீங்கிற்று. ஆனால் நினைவு எளிதில் நீங்காது. சீர்மரபினரைப் பழக்கக் குற்றவாளிகளாகக் கொள்ளும் சிறைக் கையேட்டு விதிகளை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்தான் செல்லாதென அறிவித்தது. கொங்கு நாட்டிலோ, தெருவில் ஒரு வீடு களவு போனால் பவுண்டரியில் பணிபுரியும் வடநாட்டுத் தொழிலாளர்மேல் முதல் ஐயம் விழுவதை நாம் அறிவோம். 2023 மார்ச்சில் அத்தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, அதே அளவுகோல் திரும்பித் தமிழர் அனைவரையும் ஒருசேரக் கறைபடுத்திற்று. அளவுகோலைச் செய்தவன் கையிலேயே அது என்றும் நிற்பதில்லை.

சிபில் தன்னைக் காக்கத் தன் கறைபட்ட உறுப்புகளைத் தள்ளிற்று. நற்செய்தி அறிவிக்கும் நியாயாதிபதியோ கறையற்றவராயிருந்தும் தள்ளப்பட்டோரின் வரிசையில் நின்றார். நியாயாதிபதியே நம்மிடத்தில் நின்று தீர்ப்புக்குள்ளானார் என்று கார்ல் பார்த் விளக்கியதை நம் வகுப்பறைகள் நன்கு அறியும். அவ்விளக்கத்தைத் தேர்வுத்தாளில் எழுதுவதோடு நிறுத்தாமல், இத்தொடரைக் கண்டுவரும் இளைஞனிடம் எடுத்துரைக்கும் ஆயரே இன்று தேவை. அளப்பவனை அளப்பவன் யார் என்று கேட்கும் அவன் நல்ல கேள்வியையே கேட்கிறான். அவனுக்கு விடை கூறுமுன், நம் ஞாயிறு ஆராதனையின் பாவ அறிக்கையில் ‘நாங்கள்’ என்று சொல்லும்போது அச்சொல்லுள் யார் யாரைச் சேர்க்கிறோம், யாரை வெளியே நிறுத்துகிறோம் என்பதை முதலில் ஆராய்வோமாக.