தேவைப்படும் நாளில் செல்லாத பவர்

ஓய்வுபெற்றோர் கூட்டங்களிலும் பத்திரிகைகளின் நிதி ஆலோசனைப் பக்கங்களிலும் ஓர் அறிவுரை திரும்பத் திரும்ப வருகிறது. உயில் எழுதுங்கள், கூடவே நம்பகமான பிள்ளைக்குப் பொது அதிகாரப் பத்திரம் பதிவு செய்து கொடுத்துவிடுங்கள், நாளை உங்களுக்கு முடியாமல் போனாலும் சொத்துக் காரியம் எதுவும் தடைபடாது என்கிறார்கள். உயிலைப் பற்றிச் சொல்வது சரி. பவரைப் பற்றிச் சொல்வது தவறு. அதுவும் நம்பியவர்களை நீதிமன்ற வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிற தவறு.

பவர் பத்திரத்துக்குப் பயன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. துபாயில் வேலை பார்ப்பவர் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால், அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி, ஊரிலிருக்கும் அண்ணன் மூலமாகவே பாகப்பிரிவினையை முடித்துவிடலாம். படியேற முடியாவிட்டாலும் கணக்கில் ஒரு ரூபாய் தவறவிடாத அம்மாவுக்கு அது பேருதவி. பவரை வைத்தே மனைகளைக் கைமாற்றும் பழக்கத்தையும் 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்து, அதனால் உரிமை மாறாது என்று தெளிவுபடுத்திவிட்டது.

முதுமைக்கான ஏற்பாடு என்று அதை விற்பதைத்தான் நான் பல காலமாக எதிர்த்து வருகிறேன். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலும், சித்த சுவாதீனம் இழந்தாலும் முகவரின் அதிகாரம் முடிந்துபோகிறது. இறந்தால் பவர் செல்லாது என்பது ஊரறிந்த செய்தி. அடுத்ததை ஆலோசகர்கள் சொல்வதில்லை. மறதிநோய் முற்றி மகனையே அடையாளம் தெரியாமல் போகும் அப்பாவுக்கும், பக்கவாதத்தில் நினைவிழந்து கிடக்கும் அம்மாவுக்கும்தான் இன்னொருவர் கையெழுத்து உண்மையிலேயே வேண்டும். அந்த நாளில்தான் இந்தப் பத்திரம் செத்துப்போகிறது. ‘எனக்குச் சுயநினைவு போன பிறகும் இது செல்லும்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டாலும் பயனில்லை. அந்த வரியைத் தாங்க இந்தியச் சட்டத்தில் இடம் இல்லை.

இதன் விளைவு சட்டப் புத்தகத்தோடு நிற்பதில்லை. 208ஆம் பிரிவின்படி, அதிகாரம் முடிந்தது முகவருக்கு எப்போது தெரிகிறதோ அப்போதே அவரைப் பொறுத்தவரை அது முடிந்தது. மூன்றாம் நபருக்கு, அவருக்குத் தெரியும்போது. கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் மகனுக்கு அப்பாவின் நிலை முதலிலேயே தெரியும். வங்கி மேலாளருக்குத் தெரியாது. ஆகவே பவர் ஓட வேண்டுமென்றால் மகன் வாய்திறக்கக் கூடாது. மருத்துவச் செலவுக்குத்தான் பணம் எடுக்கிறான். ஆனாலும் நோயை மறைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஐந்தாறு வருஷம் கழித்து உடன்பிறந்தவர் ஒருவர் மருத்துவ அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வழக்குப் போட்டால், அந்தத் தேதிக்குப் பிறகு அவன் போட்ட ஒவ்வொரு கையெழுத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பவர் ஏஜென்ட் கிரயம் எழுத வந்தால் சார்பதிவாளர் உயிர்ச் சான்று கேட்கிறார். எழுதிக்கொடுத்தவர் மூச்சோடு இருக்கிறார் என்பதற்கு அது சான்று. அவர் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று அது சொல்வதில்லை. யோக்கியமான பிள்ளையைப் பொய் சொல்லவைக்கிற ஓர் ஏற்பாட்டைத் திட்டமிடல் என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிரிட்டன் இந்தக் குறையை 1985லேயே உணர்ந்து, மனநிலை தவறிய பிறகும் நீடிக்கும் அதிகாரப் பத்திரத்துக்குத் தனிச் சட்டம் செய்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதைச் செம்மைப்படுத்தியது. சிங்கப்பூரில் 2010 முதல் அதே வசதி உண்டு. அங்குள்ள உறவினர் செய்ததைப் பார்த்து இங்கே பவர் எழுதுபவருக்கு, தான் எழுதுவது வேறொரு பத்திரம் என்று யார் சொல்கிறார்கள்?

நம் நாட்டில் நிலைமை பின்னோக்கிப் போயிருக்கிறது. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் நோயாளியின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் மேலாளரை நியமிக்கும் அத்தியாயம் ஒன்று இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. அதில் நாம் முன்கூட்டி நியமிக்கும் பிரதிநிதிக்குச் சிகிச்சை விஷயத்தில்தான் பேச்சு உண்டு. உயிர்காக்கும் கருவியை எப்போது நிறுத்தலாம் என்று முன்னதாக எழுதிவைக்க 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதே மனிதர், தன் சேமிப்பிலிருந்து அந்த மருத்துவமனைக்கு யார் பணம் கட்டலாம் என்று எழுதிவைத்தால் செல்லாது!

2024இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மனைவி வந்தார். கணவர் கோமாவில். சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் அவர் பெயரிலிருந்த சொத்தை விற்க வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும்படி தனி நீதிபதி சொல்லிவிட்டார். மேல்முறையீட்டில் இருவர் அமர்வுதான் மனைவியைக் காப்பாளராக நியமித்து விற்க அனுமதித்தது. கருணையான தீர்ப்பு. ஆனால் கணவரின் வைத்தியத்துக்காக ஒவ்வொரு மனைவியும் ரிட் மனு போட வேண்டுமா?

பிள்ளைகள் ஏமாற்றுவார்கள், ஆகவே நீடிக்கும் பவர் ஆபத்து என்பார்கள். ஏமாற்றுகிறவன் இன்றைய பவரிலேயே தாராளமாக ஏமாற்றுகிறான், தடுமாறுகிறவன் நியாயமானவன்தான். கூட்டுக் கணக்கும், ஆயுள் அனுபவ உரிமையை நிறுத்திக்கொண்டு எழுதும் செட்டில்மென்டும் ஓரளவு கைகொடுக்கும். பவர் எழுதப் பரிந்துரைப்பவர்கள் இவற்றையும், கூடவே 201ஆம் பிரிவையும் வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டும். அந்தப் பிரிவுக்கு நாடாளுமன்றம் ஒரு விலக்கு சேர்க்க வேண்டும்: புத்தி தெளிவாக இருக்கும்போது பதிவு செய்த பத்திரம், இரண்டு மருத்துவர்களின் சான்றோடு நடைமுறைக்கு வரட்டும், முகவர் ஆண்டுதோறும் மாவட்ட நீதிமன்றத்தில் கணக்குக் காட்டட்டும்.