ஏற்காடு ரோட்டில் இரண்டு குரல்கள்

சேலத்தில் ஏற்காடு ரோட்டோடு போகிறவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவை இன்றும் பார்க்கலாம். வளைவு இருக்கிறது, ஸ்டூடியோ இல்லை. அதை நிறுவிய திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில் படித்துத் திரும்பி, தறியை விட்டுக் கேமராவைப் பிடித்தவர். 1937இல் 'சதி அகல்யா'வில் தொடங்கிய கம்பெனி நூறு படங்களைத் தாண்டியது. அவற்றின் வசனங்களைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. அங்கே பாடிய தொண்டைகளைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை.

முதலில் நாடக மேடைப் பாணி. காவிரிக்கு அக்கரையில் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளும் அவர் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பாவும் அதன் சிகரங்கள். மைக் இல்லாத கொட்டகை அது. தரை டிக்கெட்டின் கடைசி ஆளுக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். எனவே "எத்தனை கட்டையில் பாடுகிறார்?" என்பதே ரசிகனின் முதல் கேள்வி. மேல் ஸ்தாயியில் நின்று காட்டாதவருக்கு ஒன்ஸ்மோர் கிடையாது. 1933இல், முப்பது வயதைக் காணாமலே கிட்டப்பா போய்விட்டார். பேசும் படம் எதிலும் அவர் இல்லை. பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் இசைத்தட்டுகள்தான் அவரை நமக்கு மிச்சம் வைத்தன.

அந்தப் பாணியைச் சேலத்துக்குக் கொண்டுவந்தவர் பி.யு. சின்னப்பா. பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். 1940இல் 'உத்தமபுத்திரன்', 1942இல் 'மனோன்மணி'. முகமும் அவருடையது, குரலும் அவருடையது. காமிரா எதிரே நின்றபோதும் கொட்டகையின் கடைசி வரிசைக்கே பாடினார். அதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கம்பீரம் பிறகு யாருக்கும் வாய்க்கவில்லை.

பத்து வருடம் கழித்து அதே வளைவுக்குள், 'உத்தமபுத்திர'னுக்கு இசையமைத்த அதே ஜி. ராமநாதன், நேர் எதிரான ஒன்றைச் செய்தார். 1950இன் 'மந்திரிகுமாரி'யில் 'வாராய் நீ வாராய்'. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. மனைவியை மலையுச்சிக்கு அழைத்துப்போய்த் தள்ளிவிடத் திட்டமிட்ட ஒருவன் பாடுகிற பாட்டு. அங்கே ஐந்து கட்டையில் முழங்கினால் அவள் பாதி வழியிலேயே திரும்பிவிடுவாள்! லோகநாதன் காதோடு பேசுவதுபோல் பாடுகிறார். பொய்யைத் தேனில் குழைத்த குரல். ஜிக்கிக்கு அப்போது பதின்பருவம், அந்தக் குரலில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. கடைசியில் கணவனை மும்முறை சுற்றிவந்து அவளே அவனைத் தள்ளிவிடுகிறாள் என்பது குண்டலகேசியை அறிந்தவர்களுக்குத் தெரியும். மெல்லப் பாடுவதும் வித்தைதான் என்று மைக் சொன்னது இந்தப் பாட்டில்தான் எனக்கு முதலில் உறைத்தது. 'ஆசையே அலைபோலே' வரை லோகநாதன் அந்த நிதானத்தை விடவில்லை.

'மந்திரிகுமாரி'யிலேயே 'அன்னமிட்ட வீட்டிலே' பாடிய டி.எம். சௌந்தரராஜன் இரண்டுக்கும் நடுவில் நின்றவர். மேடையின் கணீரென்ற உச்சரிப்பு, மைக்கின் நெருக்கம், இரண்டும் அவரிடம் உண்டு. 1954இல் நாமக்கல் கவிஞரின் 'மலைக்கள்ளன்' படமானபோது அந்தக் கலவை எம்.ஜி.ஆருக்குப் பொருந்தியதை ஊரே கேட்டது.

கடல் கடந்தும் ஒரு பார்வை. 1949இல் அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை, கறுப்பினத்தார் இசைத்தட்டுப் பட்டியலுக்கு 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று புதுப்பெயர் வைத்தது. மறு வருடமே அந்தப் பட்டியலின் உச்சியில் பாடகி ரூத் பிரவுன். சொற்றொடர் முடிகிற இடத்தில் குரல் கீச்சென்று உடையும், அதுதான் அவர் முத்திரை. நம் வித்வான்கள் கேட்டிருந்தால் "தொண்டை கட்டியிருக்கிறதா அம்மா?" என்றிருப்பார்கள். நம் பக்கம் பட்டியலும் இல்லை. கல்யாண வீட்டில் ஒலிபெருக்கிக்காரர் எந்தத் தட்டை அதிகம் தேய்த்தாரோ அதுதான் ஹிட்.

ஆனாலும் மேற்கின் மெட்டு ஏற்காடு ரோட்டுக்கு வரத் தவறவில்லை. 1956இல் டோரிஸ் டே பாடிய 'கே செரா செரா', மறு வருடமே மாடர்ன் தியேட்டர்ஸின் 'ஆரவல்லி'யில் 'சின்னப் பெண்ணான போதிலே' ஆனது. இசை ஜி. ராமநாதன்தான். ஏ.எம். ராஜாவோடு அதைப் பாடியது, மலையுச்சி வரை போய்வந்த அதே ஜிக்கி.