கத்திக்கு முன்னும் பின்னும்

விழுங்கிய பொருளை வயிற்றைத் திறந்து எடுக்கும் சிகிச்சை பல நூற்றாண்டுப் பழமையானது. 1635இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் டேனியல் ஷ்வாபே என்ற மருத்துவர், ஓர் இளைஞரின் இரைப்பையை அறுத்து அவர் விழுங்கியிருந்த கத்தியை எடுத்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. ஆளைப் பலகையோடு கட்டிவைத்துத்தான் அறுத்தார்கள். அந்த இளைஞர் பிழைத்துக்கொண்டார்.

இந்தியாவில் இப்படிப்பட்ட அறுவை சிகிச்சைகள் அவ்வப்போது தலைப்புச் செய்தியாகின்றன. 2016இல் அமிர்தசரஸில் ஒருவர் வயிற்றிலிருந்து 40 கத்திகள். 2017இல் கொல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 639 ஆணிகள். 2019இல் இமாச்சலத்தின் மண்டியில் எட்டுக் கரண்டிகள், இரண்டு ஸ்குரூடிரைவர்கள், பல் துலக்கும் பிரஷ்கள். தட்டில் பரப்பிவைத்த பொருட்களின் படமும் எண்ணிக்கையும்தான் செய்தி. அதைப் படிப்பவர், விழுங்கியதை எல்லாம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றும், எடுத்துவிட்டால் கதை முடிந்தது என்றும் நினைத்துக்கொள்கிறார். இரண்டுமே தவறு.

உள்ளே போன பொருட்களில் 80 முதல் 90 விழுக்காடு தானாகவே மலத்தோடு வந்துவிடும். மீதியில் பெரும்பாலானவற்றை எண்டோஸ்கோப்பியில் எடுத்துவிடலாம். கத்தி வைக்கும் நிலை நூறில் ஒருவருக்கு வந்தாலே அதிகம். குடல் ஓட்டையாகிவிட்டது, அடைத்துக்கொண்டது, ரத்தம் கசிகிறது, கூரான பொருள் நாட்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது என்ற நிலைகளில்தான் அறுவை மருத்துவர் வருகிறார். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கிய குழந்தையின் கதை வேறு. குடலின் இரு மடிப்புகளுக்குள் இருந்துகொண்டு அவை ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும்; நடுவில் சிக்கிய சதை அழுகும். அங்கே காத்திருப்பது ஆபத்து.

இந்த நிலைகளில் அறுவை சிகிச்சைக்கு மாற்று கிடையாது. கைவேலையும் நன்கு தேறியிருக்கிறது. பொருள் நகர்ந்திருக்கலாம் என்பதால் மேசையில் ஏற்றுமுன் இன்னொரு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். குடலை நீளவாக்கில் கீறிப் பொருளை எடுத்தபின், குறுக்குவாக்கில் தைக்கிறார்கள். நீளவாக்கிலேயே தைத்தால் குடல் குறுகி, பின்னாளில் அடைப்பு வரும். பல இடங்களில் லேப்ராஸ்கோப்பியிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. தையல் கசியலாம், புண் சீழ் பிடிக்கலாம், தழும்பில் குடலிறக்கம் வரலாம். குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பல ஆண்டுகள் கழித்தும் அடைப்பை உண்டாக்கலாம். ஆனால் நோயாளிக்கு அதிகக் கேடு செய்வது இவையல்ல, கத்தி வைப்பதற்கு முன் வீணாகும் நேரம்.

முதல் தாமதம் மீன்முள். புதுக்கோட்டை மாவட்டத்தில் கோடையில் கண்மாய் வற்றினால் மீன்பிடித் திருவிழா. ஊத்தா, கச்சா, வலையோடு ஊரே இறங்கும். அன்று வீடுதோறும் கெண்டையும் விராலும்தான். முள் தொண்டையில் குத்தினால் உடனே சோற்று உருண்டை, வாழைப்பழம். பல நேரம் முள் இறங்கிவிடும். சில நேரம் அதே உருண்டை முள்ளை இன்னும் ஆழமாகக் குத்தவைக்கும். வயிறு நிறைந்திருந்தால் மயக்க மருந்து கொடுப்பதும் தள்ளிப்போகும்.

இறங்கிய முள் சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் துளைத்தால் வலது அடிவயிறு வலிக்கும். பார்ப்பவருக்குக் குடல்வால் அழற்சி போலவே தெரியும். நோயாளிக்கோ முள்ளை விழுங்கிய நினைவே இருக்காது. எக்ஸ்ரேயில் மீன்முள் பெரும்பாலும் தெரியாது, சி.டி. ஸ்கேனில் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தென்படும். இரைப்பையைத் துளைத்துக் கல்லீரலுக்குள் போய்ச் சீழ்க்கட்டியை உண்டாக்கிய முட்களும் உண்டு.

அடுத்த தாமதம் தொக்கம். குழந்தை சாப்பிடாமல் அழுதால் தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிப்போவது தமிழகக் கிராமங்களில் இன்றும் உண்டு. அவர் வயிற்றை நீவி, குழல் வைத்து ஊதி, ஒரு துணுக்கைக் காட்டி, இதுதான் அடைத்திருந்தது என்பார். நூற்றுக்கு எண்பது பேருக்குத் தானாகவே சரியாகும் விஷயத்தில் எந்த வைத்தியமும் கைராசியான வைத்தியம்தான். தொக்கத்தின் நற்பெயர் அந்த எண்பது பேர் வாங்கிக்கொடுத்தது. மீதி இருபது பேருக்கு அந்த நேரம் நஷ்டம்.

பட்டன் பேட்டரி விழுங்கிய குழந்தைக்கு நஷ்டக் கணக்கு நாட்களில் இல்லை, மணிகளில். கார் சாவி, எடை மெஷின், திருவிழாக் கடையில் விற்கும் மின்னும் பொம்மை எனப் பலவற்றிலும் இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரியின் விட்டம் 20 மில்லிமீட்டர். 2019இல் வந்த புதிய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவும் அதுவே. எக்ஸ்ரேயில் நாணயம் ஒரே வட்டமாகத் தெரியும். பேட்டரியின் விளிம்பில் வளையத்துக்குள் வளையம் தெரியும். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரியின் எதிர்முனையில் காரம் உருவாகி, இரண்டு மணி நேரத்துக்குள் சதை வெந்துபோகும். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழலாம். பெருந்தமனி வரை அரிக்கலாம். அதன்பின் எவ்வளவு திறமையாக அறுத்தாலும், குறுகிப்போன உணவுக்குழாயைத் திரும்பத் திரும்ப விரிவாக்க வேண்டியிருக்கும்.

கத்திக்குப் பிந்திய குறை இன்னும் கவனிக்கப்படாதது. ஆணியையும் கரண்டியையும் விழுங்குபவர்களில் பலர் மனநோயாளிகள். கொல்கத்தா நோயாளிக்கு மனச்சிதைவு இருந்தது. வயிறு காலியாகும், நோய் அப்படியே இருக்கும். தையல் பிரித்த கையோடு வீட்டுக்கு அனுப்பினால், அதே ஆள் அடுத்த ஆண்டு திரும்பி வரலாம். மனநல மருத்துவர் பார்க்காமல் இவர்களை டிஸ்சார்ஜ் செய்வது பாதிச் சிகிச்சைதான்.

உதாரணமாக, மீன்பிடித் திருவிழா நடக்கும் அதே புதுக்கோட்டை மாவட்டத்தில், திருவரங்குளம் என்ற ஊரிலிருந்து புதுக்கோட்டை நகரம் பத்து கிலோமீட்டருக்குள்தான். அங்கே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாமதத்துக்குத் தூரம் இங்கே சாக்காக முடியாது. குழந்தை பேட்டரியை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே 108ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாழைப்பழம் கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். தேன் தேடிக் கிளம்பத் தாமதிக்க வேண்டாம். அதே ரகப் பேட்டரி வீட்டில் இன்னொன்று இருந்தால் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.