பரீட்சை வைத்தால் பாதுகாப்பு வந்துவிடுமா?

2020 டிசம்பர் நடுவில், அமெரிக்க இணைய நிறுவனமான கோடாடியின் ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பண்டிகைக்கால போனஸாக 650 டாலர் தருகிறோம், உங்கள் விவரங்களைப் பூர்த்தி செய்து அனுப்புங்கள் என்றது அது. கொரோனா ஆண்டு, வேலையும் வருமானமும் ஆட்டம் கண்டிருந்த நேரம். சுமார் 500 பேர் சொன்னபடி செய்தார்கள். இரண்டு நாள் கழித்து அவர்களுக்கு இன்னொரு மின்னஞ்சல்: ஃபிஷிங் சோதனையில் தோற்றுவிட்டீர்கள், பாதுகாப்புப் பயிற்சியை மறுபடியும் முடிக்க வேண்டும். போனஸ் எதுவும் கிடையாது. செய்தி வெளியே வந்து கண்டனம் கிளம்பிய பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

அந்தச் சோதனையின் இரக்கமின்மையைப் பலரும் பேசினார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது ஒரு சின்ன விவரம். வெளியான அந்த மின்னஞ்சலின் படத்தில் அனுப்புநர் முகவரி ‘கோடாடி டாட் காம்’ என்றுதான் முடிகிறது. அனுப்பியவர் முகவரியைப் பாருங்கள் என்பது இத்தகைய பயிற்சிகள் எல்லாம் சொல்லித்தரும் முதல் பாடம். அந்தப் பாடத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தவரும் இதில் தோற்றிருப்பார். அப்படியானால் இந்தப் பரீட்சை எதை அளந்தது?

நிறுவனமே தன் ஊழியர்களுக்குப் போலி மின்னஞ்சல் அனுப்பி, யார் சிக்குகிறார்கள் என்று பார்க்கும் இந்த வழக்கம் இன்று உலகெங்கும் பரவிவிட்டது. சென்னை ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் இது பழகிப்போன ஒன்று. இணைப்பைத் தட்டியதும் எச்சரிக்கைப் பக்கம் ஒன்று திறக்கும். கீழே சில குறிப்புகள், ஒரு காணொளி, நான்கைந்து கேள்விகள். தட்டியவர்களின் விகிதம் ‘க்ளிக் ரேட்’ என்ற பெயரில் மேலிடத்துக்குப் போகும். தணிக்கைக்கு வருபவர்களும் சைபர் காப்பீடு தருபவர்களும் ஊழியர்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேட்பதால், காட்டுவதற்கு ஓர் எண் கையில் இருப்பது நிர்வாகத்துக்கு வசதி.

இந்த வழக்கத்தை முற்றிலும் வீண் என்று ஒதுக்க மாட்டேன். போலி மின்னஞ்சலை வாழ்நாளில் பார்த்திராத புதிய ஊழியருக்கு, அது எவ்வளவு இயல்பாக இருக்கும் என்று காட்ட ஓர் உதாரணம் பத்து விளக்கப் படங்களுக்குச் சமம். சந்தேக மின்னஞ்சலை யாருக்கு, எந்தப் பொத்தானை அழுத்தித் தெரிவிப்பது என்பது கைக்குப் பழகுவதற்கும் ஒரு ஒத்திகை வேண்டும். பாதுகாப்புக் குழுவுக்கும் இதில் பாடம் உண்டு. முதல் புகார் எத்தனை நிமிடத்தில் வந்தது, வந்த புகாரை யார் எடுத்துப் பார்த்தார்கள், அதே மின்னஞ்சலை மற்றவர்களின் பெட்டியிலிருந்து நீக்க எவ்வளவு நேரமானது என்பதையெல்லாம் நிஜத் தாக்குதல் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். ஆனால் பெரும்பாலான இடங்களில் அறிக்கையின் முதல் பக்கத்தில் இவை இருப்பதில்லை. அங்கே இருப்பது க்ளிக் ரேட்.

அந்த எண்ணை நம்பலாமா என்பதற்குக் கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வு நல்ல விடை தருகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக மருத்துவப் பிரிவில் 19,500-க்கும் அதிகமான ஊழியர்களுக்கு எட்டு மாதங்களில் பத்துச் சுற்றுகளாகப் போலி மின்னஞ்சல்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஆய்வு 2025-இல் வெளியானது. சிக்கியவுடன் திறக்கும் பக்கத்தில் பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடக் குறைவாக ஏமாந்தது 1.7 சதவீதம் மட்டுமே. காரணமும் அந்த ஆய்விலேயே இருக்கிறது: பயிற்சிப் பக்கத்தைத் திறந்தவர்களில் பெரும்பாலோர் அதில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. அவமானப்பட்ட மனிதர் முதலில் செய்வது அந்தப் பக்கத்தை மூடுவதுதானே!

அதைவிட முக்கியமான இன்னொரு முடிவு உண்டு. அவுட்லுக் கடவுச்சொல்லைப் புதுப்பிக்கச் சொன்ன மின்னஞ்சலில் சிக்கியவர்கள் 1.82 சதவீதம். விடுமுறை விதிகள் மாறியிருக்கின்றன என்ற மின்னஞ்சலில் சிக்கியவர்கள் 30.8 சதவீதம். அதே நிறுவனம், அதே ஊழியர்கள். மாறியது தூண்டிலில் மாட்டிய இரை மட்டும். ஆக, சோதனை நடத்துபவர் விரும்பினால் தேர்ச்சி விகிதத்தை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் நிறுத்தலாம். இந்தக் காலாண்டில் க்ளிக் ரேட் பாதியாகிவிட்டது என்று காட்டும் வரைபடம் ஊழியர்களின் விழிப்பைச் சொல்கிறதா, மின்னஞ்சல் எழுதியவரின் கைவண்ணத்தைச் சொல்கிறதா என்று பிரிக்க முடியாது. இந்தச் சிக்கலுக்காகவே அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2020-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டது. போலி என்று காட்டிக்கொடுக்கும் தடயங்கள் எத்தனை, பெறுபவரின் அன்றாட வேலையோடு அந்த மின்னஞ்சல் எவ்வளவு ஒட்டிப்போகிறது என்ற இரண்டையும் வைத்து அது கடினத்தை மதிப்பிடுகிறது. அப்படி ஒரு மதிப்பீடு பக்கத்தில் இல்லாத க்ளிக் ரேட்டுக்குப் பொருள் இல்லை.

அன்றாட வேலையோடு ஒட்டிப்போவது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மனிதவளத் துறையில் இருப்பவருக்கு முன்பின் தெரியாதவர்களின் பயோடேட்டாவைத் திறப்பதுதான் வேலை. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு, நிலுவை இன்வாய்ஸ் என்று வரும் கோப்பைத் திறக்காமல் மாதம் முடியாது. மார்ச் கடைசி வாரத்தில் அவர் பெட்டியில் இப்படி வருபவை எத்தனை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். இணைப்பின் மீது சுட்டியை வைத்து முகவரியைப் படியுங்கள் என்கிறது பயிற்சி. கைப்பேசியில் சுட்டி ஏது? கணினியிலாவது படிக்கலாம் என்றால், பல அலுவலகங்களில் மைக்ரோசாஃப்டின் ‘சேஃப் லிங்க்ஸ்’ பாதுகாப்பு வசதி எல்லா இணைப்புகளையும் தன் முகவரியாக மாற்றி எழுதிவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட வால். நிறுவனம் வாங்கிய கருவி மறைத்துவிட்டதை ஊழியர் எப்படிப் படிப்பார்? படிக்கவில்லை என்று அவரைத் தோற்றவர் பட்டியலில் சேர்ப்பது நியாயமே இல்லை.

இதோடு, நிறுவனங்கள் அனுப்பும் அசல் மின்னஞ்சல்களே போலியைப் போலத்தான் இருக்கின்றன. ஊழியர் கருத்துக்கணிப்பு ஒரு வெளி நிறுவனத்தின் முகவரியிலிருந்து வருகிறது. காப்பீட்டுப் படிவம் இன்னொரு முகவரியிலிருந்து. ‘இன்று மாலைக்குள் நிரப்பாவிட்டால்’ என்ற மிரட்டலும் கூடவே வருகிறது. வெளியார் இணைப்பைத் தொடாதே என்று ஒரு கையும், உடனே தொடு என்று மறு கையும் சொன்னால் ஊழியர் எதைக் கேட்பார்? இந்த இடத்தில் ரிசர்வ் வங்கி செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் இணைய முகவரிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. கூர்ந்து பார்க்கும் சுமையை வாடிக்கையாளர் தலையில் மட்டும் ஏற்றாமல், பார்த்தால் தெரியும்படி செய்யும் பொறுப்பை வங்கிகளிடம் கொடுத்த ஏற்பாடு அது. அலுவலகங்களுக்குள்ளும் இந்த வரிசைதான் சரி. முதலில் தன் மின்னஞ்சல்களை ஒரே முகவரியிலிருந்து அனுப்பட்டும். பிறகு ஊழியரைச் சோதிக்கட்டும்.

இரக்கமற்ற இரை கோடாடியோடு நிற்கவில்லை. அதே 2020 செப்டம்பரில், ஊழியர்களின் சம்பளத்தைக் குறைத்திருந்த அமெரிக்கப் பத்திரிகை நிறுவனமான ட்ரிப்யூன் பப்ளிஷிங், 10,000 டாலர் வரை போனஸ் என்று ஒரு சோதனை மின்னஞ்சல் அனுப்பியது. பிறகு மன்னிப்புக் கேட்டது. 2021-இல் இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் ரயில் நிறுவனம், கொரோனா காலத்தில் உழைத்ததற்கு நன்றியாக ஒரு சன்மானம் என்று சுமார் 2,500 பேருக்கு அனுப்பித் தொழிற்சங்கத்தின் கோபத்துக்கு ஆளானது. 2024 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகம், வளாகத்தில் ஒருவருக்கு எபோலா என்று அனுப்பிவிட்டு வருத்தம் தெரிவித்தது. திருடன் இரக்கம் பார்க்க மாட்டான், நாங்கள் ஏன் பார்க்க வேண்டும் என்பது சோதனைக்காரர்களின் வாதம். திருடன் மறுநாள் அதே ஊழியரிடம் வந்து, ஏதாவது சந்தேகம் என்றால் எங்களிடம் தயங்காமல் சொல்லுங்கள் என்று கேட்கப்போவதில்லை. பாதுகாப்புக் குழு கேட்டாக வேண்டும். தன்னை ஏமாற்றிச் சிரித்தவரிடம், நான் நிஜமாகவே ஏமாந்துவிட்டேன் என்று யார் போய்ச் சொல்வார்கள்? தவறு செய்தவர் வாய் திறக்காத ஒவ்வொரு மணி நேரமும் உள்ளே நுழைந்தவனுக்குக் கிடைத்த லாபம்.

க்ளிக் கணக்கில் வராத திருட்டும் இருக்கிறது. லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமசௌஸ்கஸ், தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் பெயரில் போலி நிறுவனம் தொடங்கி, 2013 முதல் 2015 வரை கூகுள், ஃபேஸ்புக் இரண்டிலிருந்தும் 10 கோடி டாலருக்கு மேல் கறந்தார். 2019 டிசம்பரில் ஐந்தாண்டு சிறைத் தண்டனை பெற்றார். அவருடைய ஆயுதம் நச்சு இணைப்பல்ல; அச்சு அசலாக இருந்த இன்வாய்ஸ்களும் ஒப்பந்தங்களும்தான். பணம் போகும் வங்கிக் கணக்கு மாறினால், பழைய தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்த பிறகே அனுப்புவது, பெரிய தொகைக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போடுவது போன்ற அலுவலக ஒழுங்கு மட்டுமே இதைத் தடுக்கும். எத்தனை போலி மின்னஞ்சல் அனுப்பிப் பழக்கினாலும் அது வராது.

தொழில்நுட்பத்தில் தீர்வு இல்லாமலும் இல்லை. 2022 கோடையில் ட்விலியோ, கிளவுட்ஃப்ளேர் ஆகிய இரு நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் ஒரே பாணியில் குறுஞ்செய்தி வழித் தாக்குதல் நடந்தது. ட்விலியோவில் கடவுச்சொற்கள் திருடுபோய், வாடிக்கையாளர் தகவலும் போனது. கிளவுட்ஃப்ளேரிலும் மூன்று பேர் ஏமாந்து கடவுச்சொல்லைக் கொடுத்தார்கள். ஆனால் அங்கே உள்ளே நுழையக் கடவுச்சொல்லோடு கணினியில் செருகும் பாதுகாப்புச் சாவியும் வேண்டும். அந்தச் சாவி அசல் தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டது. போலித் தளத்தில் வேலை செய்யாது. அதனால் தாக்குதல் வாசலிலேயே நின்றது. ஏமாந்த மூவரையும் கண்டிக்கவில்லை என்று அந்த நிறுவனம் வெளிப்படையாக எழுதியது. இரண்டு இடத்திலும் மனிதர்கள் ஒரே மாதிரித்தான் ஏமாந்தார்கள். வித்தியாசம் பூட்டில் இருந்தது.

அப்படியென்றால் சோதனையை நிறுத்திவிடலாமா? சூரிச்சின் இ.டி.எச். பல்கலைக்கழகம் ஒரு பெரிய நிறுவனத்தில் 14,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்து 15 மாதங்கள் நடத்திய ஆய்வு நடுவழி ஒன்றைக் காட்டுகிறது. சிக்கியவர்களுக்குக் காட்டிய பயிற்சிப் பக்கம் அங்கேயும் பலன் தரவில்லை. சொல்லப்போனால் அவர்கள் இன்னும் எளிதாகச் சிக்கினார்கள். ஆனால் சந்தேக மின்னஞ்சலைத் தெரிவிக்க ஒரு பொத்தான் கொடுத்தபோது, ஊழியர்கள் மாதக்கணக்கில் சலிக்காமல் தெரிவித்தார்கள். புதிய தாக்குதல்கள் சீக்கிரமே பிடிபட்டன. ஆயிரம் பேரில் ஒருவர்கூடத் தட்டக் கூடாது என்பது நடக்காத காரியம். ஆயிரம் பேரில் பத்துப் பேர் உடனே சொல்வது நடக்கக்கூடியது. அந்தப் பத்துப் பேர் போதும்.

எனவே சோதனை இருக்கட்டும், ஆனால் தலைகீழாக மாறி இருக்கட்டும். இந்த வாரம் ஒத்திகை உண்டு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். தீயணைப்பு ஒத்திகையைப் பல இடங்களில் முன்பே அறிவித்துத்தான் நடத்துகிறார்கள். எத்தனை பேர் தட்டினார்கள் என்பதை விட்டுவிட்டு, எத்தனை பேர், எவ்வளவு சீக்கிரம் தெரிவித்தார்கள் என்று எண்ணுங்கள். சம்பளம், போனஸ், நோய், வேலைநீக்கம் ஆகியவற்றை இரையாக்காதீர்கள். தட்டியவர் பெயர் மேலாளருக்குப் போக வேண்டாம். இதற்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு பாதுகாப்புச் சாவிக்கும் பணப் பட்டுவாடா ஒழுங்குக்கும் போகட்டும்.

வேலையிடத்தில் மின்னஞ்சலோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு ஒரு வார்த்தை. தட்டிவிட்டோமோ என்று தோன்றிய அந்தக் கணமே உங்கள் ஐ.டி. பிரிவுக்குச் சொல்லிவிடுங்கள், கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். பணம் போயிருந்தால், இந்தியாவில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் அடுத்த கணக்குக்கு நகர்ந்துகொண்டிருக்கும்.