நிரவல்: பாணிகளும் அளவுகோலும்

சாகித்தியத்தில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, எடுப்பு மாறாமல், சொல் மாறாமல், ராகத்தை மட்டும் புதிது புதிதாக நிரப்பிப் பாடுவது நிரவல். ஐரோப்பாவில் இதற்கு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. ரோமனெஸ்கா, ஃபோலியா என்று சில வாய்ப்பாடுகள். கீழே மந்திர ஸ்வரங்கள் ஒரே வரிசையில் சுற்றிவர, மேலே வாத்தியக்காரர் கற்பனை செய்வார். தியேகோ ஓர்தீஸ் 1553-இல் ரோமில் வெளியிட்ட நூலில் இதற்கு மாதிரிகளே இருக்கின்றன. அவர்களுக்குப் பிடிமானம் மந்திர ஸ்வரம், நமக்குச் சொல்.

அந்தப் பிடிமானத்தில்தான் கஷ்டமே. ஆதி தாளம், இரண்டு களை, அரை இடம் தள்ளி எடுப்பு என்று வைத்துக்கொள்வோம். வரியின் இரண்டாம் சொல் மோதிர விரலில் விழுந்தால், ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் அதை ஒட்டியே விழவேண்டும். முதல் சொல்லில் கார்வை கொடுத்து லயித்துவிட்டால் மிச்சச் சொற்களை அள்ளித் திணிக்க நேரும். பதம் பிளந்து அர்த்தம் அனர்த்தமாகும். இம்மி முன்பின் போகலாம். அருதி தவறக் கூடாது.

முசிறி சுப்பிரமணிய ஐயர் (1899–1975) இதில் தனி. சௌக்க காலத்தில் சொல்லைத் தடவிக்கொடுப்பதுபோல் பாடுவார். உருக்கம் சாகித்தியத்திலிருந்து வரும், குரல் ஜாலத்திலிருந்து அல்ல. அரியக்குடியிடம் மத்திமகாலமும் அளவும். போதும் என்பதற்கு முன்பே நிறுத்திவிடுவார். ஆலத்தூர் சகோதரர்களுக்குப் பல்லவியில் லயம், ஜி.என்.பி.க்குப் பிருகா. அடையாறு கலாக்ஷேத்ராவில் எம்.டி. ராமநாதனின் விளம்பம். தனம்மாள் வீட்டிலோ பதமும் ஜாவளியும் கச்சிதமான சங்கதிகளும்தான் சொத்து. நிரவல் அங்கே பெரிய பேச்சில்லை.

இன்று மேல்காலத்துக்குத் தாவும் அவசரம் கூடிவிட்டது. கீழ்க்காலத்தில் இரண்டு சுற்று, உடனே துரிதம், கைதட்டல். வயலின்காரர் பதில் சொல்லக்கூட நேரமில்லை. மேல்காலத்தில் விரலும் தொண்டையும் பேசும். வித்வத் தெரிவது கீழ்க்காலத்தில்தான்.

சபா நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம்: டி.டி.கே. சாலையானாலும் தியாகராய நகரானாலும், இளைஞர்களின் பகல் கச்சேரிக்கு இன்னும் அரை மணி கூட்டிக் கொடுங்கள். அதில் ஒரு சௌக்க கால நிரவலைக் கேட்டு வாங்குங்கள்.