சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் ஒரு மந்திரி

பி.காம். படித்தவர்களுக்கு இது தெரியும். ஒரு தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பிடிபடாவிட்டால் தற்காலிகமாக சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டு வைப்போம். வருஷக் கடைசியில் அதைப் பைசல் செய்தே ஆக வேண்டும். ஆடிட்டர் விடமாட்டார்.

சரித்திரத்திலும் இப்படிச் சிலர் உண்டு. வரவா, பற்றா என்றே தெரியாது. ஆடம் ரபாட்ஸ்கி அப்படி ஒரு ஆசாமி. 1956 முதல் 1968 வரை கம்யூனிஸ்ட் போலந்தின் வெளியுறவு மந்திரி. செத்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனியும் சஸ்பென்ஸில் வைத்திருப்பது நியாயமில்லை.

1909-ல் பிறந்தவர். பிறந்த ஊர் லுவூவ், இன்று உக்ரைனில் இருக்கிறது. அப்பா போலந்துக் கூட்டுறவு இயக்கத்தின் பெரிய தலைவர். பிள்ளை படித்தது பொருளாதாரம். 1939-ல் யுத்தம் வந்ததும் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, முடியும்வரை கைதி முகாம் வாசம். வெளியே வந்து சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1948-ல் அந்தக் கட்சியை கம்யூனிஸ்ட் கட்சி விழுங்கியது. அதற்கு 'இணைப்பு' என்று பெயர். எதிர்த்தவர்கள் வெளியே போனார்கள். ரபாட்ஸ்கி உள்ளே போனார்.

1950 முதல் உயர்கல்வி மந்திரி. பல்கலைக்கழகங்களை ஸ்டாலின் பாணிக்கு மாற்றிய வருஷங்கள் அவை. அவரைப் புகழ்பவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் சட்டென்று புரட்டிவிடுவார்கள். நாம் புரட்ட வேண்டாம். பற்று, ஒன்று.

இப்போது வரவுக்கு வருவோம். 1957 அக்டோபர் 2. ஐ.நா. பொதுச்சபையில் எழுந்து அவர் ஒரு யோசனை சொன்னார். இரண்டு ஜெர்மனிகளும் தங்கள் மண்ணில் அணு ஆயுதம் தயாரிக்கவோ வைத்திருக்கவோ கூடாது; அவை ஒப்புக்கொண்டால் போலந்தும் ஒப்புக்கொள்ளும். செக்கோஸ்லோவாகியாவும் சேர்ந்துகொண்டது. கண்காணிப்பும் உண்டு. இதுதான் 'ரபாட்ஸ்கி திட்டம்'.

மாஸ்கோவின் ஊதுகுழல் என்றது மேற்கு. அது பாதி உண்மை. மாஸ்கோவிடம் கேட்காமல் அங்கே யாரும் தும்மக்கூட முடியாது. ஆனால் யோசனை போலந்தினுடையது. பயமும் அவர்களுடையதே. யுத்தத்தில் சுமார் 60 லட்சம் குடிமக்களைப் பறிகொடுத்த தேசம். புது மேற்கு எல்லையை மேற்கு ஜெர்மனி அங்கீகரிக்கவில்லை. அவர்கள் கைக்கு அணுகுண்டும் வந்தால்? தூக்கம் வருமா சார்?

அமெரிக்காவின் மறுப்பிலும் லாஜிக் இருந்தது. குண்டை எடுத்துவிட்டால், படைபலத்தில் சோவியத் தரப்பின் கை ஓங்கிவிடும். சரி என்று 1958 நவம்பரில் ரபாட்ஸ்கி திட்டத்தைத் திருத்தினார். முதல் கட்டத்தில் அணு ஆயுதத்தைக் கூட்டக்கூடாது. அடுத்த கட்டத்தில் படைகளையும் குறைக்க வேண்டும். அதற்கும் 'நோ'தான். கேட்ட கேள்விக்குப் பதில் வந்த பிறகும் அதே மறுப்பென்றால், சிக்கல் கேள்வியில் இல்லை. கிழக்கு ஜெர்மனியுடன் ஒரே மேஜையில் உட்கார மனசில்லை, அவ்வளவுதான்.

1966-ல் இன்னொரு முயற்சி. வியட்நாம் கண்காணிப்பு கமிஷனில் இந்தியா, கனடாவோடு போலந்தும் உறுப்பினர். அங்கிருந்த போலந்துப் பிரதிநிதி மூலமாக, அமெரிக்காவும் வடக்கு வியட்நாமும் வார்சாவில் ரகசியமாகச் சந்திக்க ஏற்பாடு ஆனது. அந்த டிசம்பரிலேயே ஹனாய் வட்டாரத்தில் அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன. சந்திப்பு நடக்கவில்லை. ஹனாய் நிஜமாகவே தயாராக இருந்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். சண்டை இல்லாத விஷயம் ஒன்று: அந்தப் போரில் இறந்த 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு செத்தவர்கள். செத்த வியட்நாமியர்கள் பல லட்சம்.

கடைசிப் பக்கம், 1968. மாணவர்கள் கிளர்ச்சி. பழி யூதர்கள் தலையில். கட்சியே யூத வேட்டையை நடத்தியது. அடுத்த சில வருஷங்களில் சுமார் 13,000 பேர் நாட்டை விட்டுப் போனார்கள். கையில் ஒரு பயணத்தாள். 'இவர் போலந்துக் குடிமகன் அல்ல' என்பதுதான் அதன் சாரம்.

வெளியுறவு இலாகாவிலும் பட்டியல் தயாரானது. களையெடுக்க வேண்டிய யூத அதிகாரிகள் பட்டியல். அதில் முதல் பெயராகத் தன் பெயரை எழுதிக் கொடுத்தார் ரபாட்ஸ்கி என்று இன்றும் சொல்கிறார்கள். அவர் யூதர் இல்லை. எழுதினாரோ இல்லையோ, அந்த ஏப்ரலோடு ஆபீஸுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அந்த நாற்காலிக்காக மற்றவர்கள் என்னவெல்லாம் செய்தார்கள் என்று பார்த்தால், சின்ன விஷயமில்லை.

ஆனால் மனுஷன் வெளியே ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகஸ்டில் போலந்துப் படை செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்தபோது பெயரளவில் அவர்தான் மந்திரி. பதவி முறைப்படி போனது டிசம்பரில்.

அந்தக் காலத்தில் யார்தான் பேச முடியும் என்று கேட்பீர்கள். பேசினார்களே! பார்லிமென்டில் 'ஸ்னாக்' என்ற கத்தோலிக்கக் குழு, மொத்தம் ஐந்து பேர். மாணவர்களை ஏன் அடித்தீர்கள் என்று எழுதிக் கேட்டார்கள். அவர்களில் ஒருவரான ஜெர்ஸி ஸாவியெய்ஸ்கி அதே ஏப்ரலில் சபையில் எழுந்து பேசி, பதவியை இழந்தார். இன்னொருவர் ததேயுஷ் மசோவியெட்ஸ்கி, 1989-ல் பிரதமரானவர். பொலிட்பீரோவில் இருந்த ரபாட்ஸ்கியின் செல்வாக்கில் பத்தில் ஒரு பங்குகூட இவர்களுக்குக் கிடையாது.

1970 அக்டோபர் 10 அன்று ரபாட்ஸ்கி இறந்தார். வயது 60. இரண்டே மாதத்தில், டிசம்பர் 7 அன்று மேற்கு ஜெர்மனி வார்சாவுக்கு வந்து, அந்த எல்லையை ஏற்றுக் கையெழுத்திட்டது. 1990 ஒப்பந்தத்தில் முன்னாள் கிழக்கு ஜெர்மனி மண்ணில் அணு ஆயுதம் கூடாது என்று எழுதினார்கள். ரபாட்ஸ்கி கேட்டதில் ஒரு துண்டு, 33 வருஷம் லேட்டாக. 2023-ல் ரஷ்யா பெலாரஸில் அணு ஆயுதம் வைப்பதாக அறிவித்தது. 2024-ல் போலந்தின் அப்போதைய அதிபர் டூடா, எங்கள் மண்ணிலும் வைக்கத் தயார் என்றார். யோசனை சொன்ன ஊரே கட்சி மாறிவிட்டது.

சரி, எப்படிப் பைசல் செய்வது? கணக்கியலில் ஒரு விதி உண்டு. வரவேண்டியதையும் தரவேண்டியதையும் இஷ்டத்துக்குக் கழித்து, மிச்சத்தை மட்டும் காட்டக் கூடாது. இரண்டையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். ரபாட்ஸ்கிக்கும் அதுதான். திட்டம் வரவு, முழுத் தொகை. ஆபீஸைத் துறந்ததும் வரவு. மௌனம் பற்று. ஒன்றைக் காட்டி இன்னொன்றை அடிக்க முடியாது.

மந்திரி வீட்டுக்குப் போனார். வார்சாவின் க்தான்ஸ்கா ஸ்டேஷனில் பெட்டியோடு நின்றவர்களுக்குப் போக வீடு இல்லை.