எண்ணும் மண்ணும்: இரு கேடுலகப் புனைவுகளில் சமத்துவமின்மையும் கலகமும்

'டிஸ்டோபியா' எனப்படும் கேடுலகப் புனைவு, சமூகத்தில் மறைந்தும் மறையாமலும் நிலவும் ஏற்றத்தாழ்வை அரசின் வெளிப்படையான விதியாக்கிக் காட்டும் இலக்கிய வகையாகும். தமிழில் இதற்குப் பரவலாக அறியப்பட்ட சான்று, சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. இதனை, மும்பைத் தாராவியைக் களமாகக் கொண்ட பா. இரஞ்சித்தின் 'காலா' (2018) திரைப்படத்துடன் ஒப்புநோக்கி, இவ்விரண்டிலும் கலகம் எதனை எதிர்த்து எழுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த சுஜாதாவின் நாவல், 2021ஆம் ஆண்டு இந்தியாவைக் கற்பனை செய்கிறது. ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் குடிமக்களின் பெயர் இரண்டெழுத்தில் அடங்க வேண்டும். குழந்தை பெறவும் அனுமதி வேண்டும். மனிதன் எண்ணாகவும் பதிவேடாகவும் சுருக்கப்படுகிறான். ஆள்பவரே வெறும் ஒளியுருவம் எனத் தெரியவரும்போது, அதிகாரத்தின் வெறுமை புலப்படுகிறது. எனினும், இவ்வுலகில் சாதியும் நிலமும் பேசுபொருளாகவில்லை. கலகம், ஆட்சிக் கருவியைக் கைப்பற்றும் சூழ்ச்சியாகவே அமைகிறது.

'காலா' இதற்கு நேர்மாறானது. இங்கே கேடுலகம் குடிசைகளில் இல்லை. அவற்றை அகற்றிவிட்டு எழுப்பப்படவிருக்கும் 'தூய்மையான' நகரத்தின் வரைபடத்தில் இருக்கிறது. ஹரிதாதாவின் வெள்ளை மாளிகையும் கரிகாலனின் கருப்பு உடையும் இம்முரணின் குறியீடுகள். தூய்மை என்னும் சொல் தீட்டு என்னும் பழைய கருத்தின் புதிய வடிவம் என்பதைப் படம் உணர்த்துகிறது. தாராவி மக்கள் உழைப்பை நிறுத்தும்போது நகரமே முடங்குகிறது. உழைப்பைப் பெற்றுக்கொண்டு உழைப்பவரை வெளியேற்ற முனையும் நகரத்திற்கு அதுவே தக்க விடையாகிறது. கலகம் இங்கு மண்ணுரிமையாக உருப்பெறுகிறது.

ஆயினும், படம் மக்களை ஒரே திரளாகக் கருதுவது அதன் வரம்பு எனலாம். மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வேரூன்றிய அலுவலக நடுத்தர வர்க்கத் தமிழரும், திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்து தோல் தொழிலில் உழைத்த தமிழரும் ஒரே மொழியினர்; ஒரே வாழ்நிலையினர் அல்லர். தாராவிக்குள்ளும் பிரிவினை உண்டு. அதானி குழுமம் 2022இல் ஏலத்தில் பெற்ற மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 சனவரி 1ஆம் நாளுக்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தோருக்கு 350 சதுர அடி வீடு தாராவியிலேயே இலவசமாக உண்டு. பின்னர் வந்தோருக்கும் மேல்தளத்தில் வாழ்வோருக்கும் தாராவிக்கு வெளியேதான் வீடு. ஒரே சுவரின் கீழும் மேலும் வாழ்பவர்களை ஒரு தேதியும் ஒரு மாடிப்படியும் பிரித்துவிடுகின்றன. இரஞ்சித்தின் இறுதிக் காட்சியில் கருப்பும் சிவப்பும் நீலமும் ஒன்றாய்க் கலக்கின்றன; பதிவேட்டில் பெயருள்ளவரும் இல்லாதவரும் எவ்வாறு ஒன்றிணைவர் என்னும் வினாவுக்கு அவ்வண்ணங்கள் விடை தருவதில்லை.

சுஜாதா எண்ணைக் கண்டார், மண்ணைக் காணவில்லை. இரஞ்சித் மண்ணைக் கண்டார், எண்ணை முதன்மைப்படுத்தவில்லை. தாராவியின் நடப்பில் இவ்விரண்டும் ஒன்றாகவே இயங்குகின்றன: மண் பறிக்கப்படுவது எண்ணின் வழியாகத்தான். ஆகவே, ஏற்றத்தாழ்வை உருவகிக்க விழையும் தமிழ்க் கேடுலகப் புனைவு, ஒடுக்குபவனின் முகத்தை மட்டுமன்றி, அண்டை வீட்டாரைத் தகுதியுடையார், தகுதியற்றார் எனப் பிரிக்கும் விண்ணப்பப் படிவத்தையும் தன் பொருளாக்க வேண்டியுள்ளது. கலகத்தின் முதல் தடை அரண்மனை வாயிலில் இல்லை, அப்படிவத்தில் இருக்கிறது என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படும் முடிவாகும்.